இரும்பூர் நினைவுப் பேரவையின் முழங்கால் தீர்மானம்

உலகம் தோன்றிய நாள் முதல் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் சரிந்திருக்கின்றன. அவை சரிந்தபோது சரித்திர ஆசிரியர்கள் அழுதார்கள், புலவர்கள் அழுதார்கள், வரி கட்டியவர்கள் மட்டும் சற்று நிம்மதியாகத் தூங்கினார்கள். ஆனால் அந்தச் சாம்ராஜ்யங்களில் எதற்காவது இன்றுவரை ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் மாதந்தோறும் கூட்டம் போட்டு, வருகைப் பதிவு எடுத்து, டீயும் மிக்சரும் கொடுத்து அழுகிறார்களா? இல்லை. அந்தப் பெருமை இரும்பூர் ஒன்றுக்குத்தான் உண்டு.

இரும்பூர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்பவர்கள் தயவுசெய்து தலைகுனிந்து கொள்ளவும். அது பூமிக்கடியில் இருக்கும் நகரம். குடிமக்கள் அனைவரும் இயந்திரங்கள். எண்ணெய் குடித்து உயிர் வாழ்பவர்கள். அவர்களை அழிக்கத் துருவேந்தன் என்றொரு கொடியவன் புறப்பட்டான். அவனை எதிர்க்க மின்னரசி, உருளைநாதன், தாழ்ப்பாளன், பற்சக்கரன், கொப்பரை மல்லன், ஆணிமுத்து என்ற ஆறு வீரர்கள் எழுந்தார்கள். இந்த ஆறு வீரர்களும் எண்பத்தாறாம் ஆண்டு வாக்கில், அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டின் பின்புறம், ஒரு தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக்காக அவதரித்தார்கள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காதே, பிறகு என்ன சண்டை என்று கேட்ட அற்பர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களுக்காக எங்கள் பேரவை ஒரு கண்டனத் தீர்மானத்தை நிரந்தரமாக வைத்திருக்கிறது.

ஓர் அட்டைப்பெட்டி வாங்கினால் உள்ளே ஒரு வீரன் தலை, மார்பு, கை, கால், முழங்கால் என்று துண்டு துண்டாகக் கிடப்பான். நாமே பூட்டி நிற்க வைக்க வேண்டும். ஒருவன் கையை இன்னொருவனுக்கு மாட்டலாம். தலை இருக்கும் இடத்தில் காலை மாட்டினாலும் வீரன் கோபித்துக்கொள்ள மாட்டான். கூடவே நான்காக மடித்த ஒரு காகிதம் இருக்கும். அதில் இரும்பூர்க் கதையின் ஓர் அத்தியாயம். ஆறாவது காகிதத்தில் துருவேந்தன் நகரத்தின் எண்ணெய்க் குழாய்களையெல்லாம் அடைத்துவிடுகிறான். குடிமக்கள் நின்ற இடத்தில் விறைத்துப் போகிறார்கள். வீரர்கள் ஆறு பேரும் ஒரு மாபெரும் கதவின் முன்னால் வந்து நிற்கிறார்கள். ‘கதவு திறந்தது’ என்பதோடு காகிதம் முடிகிறது.

ஏழாவது பெட்டி வரவே இல்லை. ஆவடி மார்க்கெட்டில் நான் வாடிக்கையாக வாங்கும் கடைக்காரர், “அது இனிமே வராது” என்று சொல்லிவிட்டு ஒரு பம்பரத்தை எடுத்துக் காட்டினார். ஒரு நாகரிகத்தின் முடிவு இவ்வளவு அலட்சியமாக அறிவிக்கப்பட்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

படித்ததில்லை என்று நான் சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. நான் உலக இலக்கியத்தில் ஊறியவன். வாடகை நூலகத்தில் கிடைக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களை அட்டை கிழிந்த நிலையிலும் விடாதவன். பனிப்புயல் வீசும் அத்தியாயங்களை ஆவடியின் மே மாதத்தில் படித்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டவன். அந்த நாவல்களிலிருந்து நான் கற்றது ஒன்றுதான்: கைவிட்டுப் போனது எதுவோ அதுவே உயர்ந்தது. கையில் இருப்பதைப் பற்றி எந்த மேதையும் அறுநூறு பக்கம் எழுதியதில்லை.

இந்த உண்மையை நூல்களின் துணையின்றியே கண்டுகொண்டவர் எங்கள் தலைவர் கிறிஸ்துராஜ். எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் குமாஸ்தா. தொண்ணூற்றிரண்டில் அவர்தான் ‘இரும்பூர் நினைவுப் பேரவை’யைத் தொடங்கினார். அவருடைய அத்தை சகாயம்மாள் கோவில்பதாகையில் மாடியில் ஒரு தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது எங்களுக்கு. மெஷின்கள் எல்லாம் உறை போட்டு, முக்காடிட்ட பெண்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருக்கும். துக்கச் சூழலுக்கு நாங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பேரவையின் விதிகள் கடுமையானவை. வீரர்களைக் கழற்றக் கூடாது. கழன்றிருந்தால் பூட்டக் கூடாது. குழந்தைகள் நடமாடும் அறையில் வைக்கக் கூடாது. “பூட்டி விளையாடறதுக்குத்தானே சார் பண்ணாங்க?” என்று ஆரம்ப காலத்தில் ஒருவர் கேட்டார்.

“அது அதனுடைய இளமைக்கால வரலாறு. இப்போது அது நினைவுச்சின்னம்” என்றார் தலைவர். கேட்டவர் அடுத்த கூட்டத்திலிருந்து வரவில்லை. தத்துவத்தின் வெளிச்சம் சிலருக்குக் கண் கூசும்.

முழங்காலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரும்பூர் வீரர்களின் உடலில் முழங்கால்தான் பலவீனமான இடம். விளையாடினால் முதலில் உடைவது அதுதான். ஆகவே விளையாடியவர்கள் எவரிடமும் முழங்கால் இல்லை. பேரவையின் பதினோரு வீரர்களில் ஒன்பது பேர் உட்கார்ந்த நிலையிலேயே அஞ்சலி பெற்றுவந்தார்கள். நிற்பவர்கள் இரண்டே பேர். ஒன்று, தலைவருடைய மின்னரசி. அவருடைய முதல் நற்கருணைக்கு யாரோ பரிசளித்தது. “படிப்பு முடியட்டும், அப்புறம் எடுக்கலாம்” என்று அவருடைய அம்மா பீரோவின் மேல் வைத்தார். படிப்பு முடிந்தபோது அவருக்கு மீசை வந்துவிட்டது. இன்னொன்று என் உருளைநாதன். நான் காகிதத்தைப் படிப்பதில் ஆழ்ந்துவிட்டதால் பூட்டி நிறுத்திய பிறகு பொம்மையைத் தொட நேரமில்லை. ஆகவே தலைவரும் நானும் ‘நின்ற உறுப்பினர்கள்’. மற்றவர்கள் ‘அமர்ந்த உறுப்பினர்கள்’. அண்ணனூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் துலுக்கானத்துக்கு மட்டும் ‘இணை உறுப்பினர்’ என்ற தகுதி. அவருடைய தாழ்ப்பாளனுக்கு முழங்காலில் சைக்கிள் வால்வு டியூப், ஒரு கை வேறு யாருடையதோ, முதுகில் சைக்கிள் ரிம் பெயிண்ட். அவர் அந்த வீரனோடு மனம்போல விளையாடியிருக்கிறார் என்பதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை. அப்படிப்பட்டவருக்கு எப்படி ஓட்டுரிமை கொடுப்பது?

இத்தனை ஒழுங்காக நடந்த பேரவையை ஒரே ஒரு குறை வாட்டிக்கொண்டிருந்தது. இரும்பூர் எந்தத் தேதியில் மறைந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

கடைசிப் பெட்டி விற்ற நாளா? கொட்டகை மூடிய நாளா? “எங்கம்மா ‘இனிமே பொம்ம கிம்ம கேட்டா காலை ஒடிச்சிடுவேன்’னு சொன்ன நாளத்தான் நான் நெனச்சிகினு அழுவறேன்” என்றார் பொருளாளர் பாஸ்கல். தேதி தெரியாமல் நினைவு நாள் கொண்டாடும் சங்கத்தை யார் மதிப்பார்கள்? அம்பத்தூரில் ஒரு ரசிகர் மன்றம் எங்களைப் பார்த்து வெளிப்படையாகவே சிரித்தது. கடைசியில் அக்டோபர் இரண்டாவது ஞாயிற்றை ‘உத்தேச நினைவு நாள்’ என்று அறிவித்து, உத்தேசமாகவே அழுதுவந்தோம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு செப்டம்பர் கூட்டத்தில், மிக்சர் வந்துகொண்டிருந்த நேரத்தில், துலுக்கானம் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“தலீவரே, ஒரு மேட்டரு. இரும்பூரு சாவல!”

“எது சாகவில்லை?”

“பூந்தமல்லில ஒரு அக்கா கீறாங்கோ, ரோஷன் பேகம்னு. ஊட்டுக்குப் பின்னால பிளாஸ்டிக் ஊத்தறாங்க. சைக்கிள் கைப்பிடி ஒறை வாங்கலாம்னு போனேன். மூலைல இரும்புக் கட்டிங்க அடுக்கி கீது. இன்னாக்கா இதுன்னேன். ‘பொம்ம டைப்பா’ன்னாங்க. ஒண்ண தொறந்து காட்டுனாங்க. உள்ள நம்ம மின்னரசி மூஞ்சி, குழியா, அப்டியே என்னியே பாத்துகினு கீது மாமே!”

டை என்பது இரண்டாகத் திறக்கும் இரும்புக் கட்டி. உள்ளே உருவம் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்தினால் வீரன் பிறப்பான். டை இருக்கிறது என்றால் இரும்பூர் இருக்கிறது என்று பொருள்.

ஆனந்தத்தால் நாங்கள் வாயடைத்துப் போனோம் என்றுதான் எழுத ஆசைப்படுகிறேன்.

“அப்போ... நம்ம பேரவை?” என்றார் பாஸ்கல்.

“யாரும் உணர்ச்சிவசப்பட வேண்டாம்,” என்றார் தலைவர், வெளிறிய முகத்தோடு. “இது வதந்தியாகவும் இருக்கலாம். நல்லதையே நம்புவோம்.”

அடுத்த ஞாயிறு, தலைவரும் நானும் துலுக்கானமும் அடங்கிய ‘உண்மை அறியும் குழு’ பூந்தமல்லிக்குப் புறப்பட்டது. ரோஷன் பேகம் ஐம்பதை நெருங்கும் அம்மாள். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், கைப்பிடியை இழுத்து அழுத்தும் மெஷினுக்கு முன்னால் நின்று, குளியலறை மக்குக்குக் கைப்பிடி வார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். தலைவர் உட்காரவில்லை. கைகட்டி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“அம்மா, இரும்பூரின் ஆதி வரலாற்றை இயற்றிய மேதை யார்? அவர் எங்கே அடக்கமாகியிருக்கிறார்?”

“நான்தாம்பா எழுதினேன். இன்னும் அடங்கல.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“அந்தக் கொட்டாயில நாந்தான் எல்லாம். பொட்டியில காயிதம் ஒண்ணு வைக்கணும்னாரு மொதலாளி. ‘எதுனா எழுதிக் குடும்மா, ஒம்போதாவது படிச்சிருக்கே இல்ல’ன்னாரு. அப்ப எங்கூட்டுக் கொழாயில தண்ணி வந்தா ஒரே துரு. துணியெல்லாம் செவப்பாப் போயிடும். அந்தக் கடுப்புல எழுதினதுதான் துருவேந்தன்.”

துருவேந்தன் நவீன மனிதனின் தனிமையைக் குறிப்பவன் என்று நான் ஒரு நீண்ட கட்டுரை எழுதி, பேரவையில் இரண்டு கூட்டங்களாக வாசித்திருக்கிறேன். குழாய் என்ற சொல் என்னைப் புண்படுத்தியது. ஆசிரியர்களுக்குத் தங்கள் படைப்பைப் பற்றி அதிகம் தெரியாது என்பதை அன்று நேரில் கண்டேன்.

“மொதலாளி கடைய மூடிட்டு ஊருக்குப் போவும்போது ‘டையெல்லாம் நீயே வச்சிக்கம்மா, எனக்கு இன்னாத்துக்கு’ன்னு குடுத்துட்டாரு. எல்லாம் கீது. முழங்கால் டை மட்டும் சாமான் மாத்தும்போது எங்கியோ போச்சு. பாரீஸ் கார்னர்ல ஒரு மொத்த யாவாரிகிட்ட பேசிட்டேன். கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கறேன்றாரு. ஆனா நிக்கற பொம்ம காட்டணுமாம். உக்காந்த பொம்மையக் காட்டினா ‘இன்னாம்மா, இவனுக்கு மூலமா’ன்னு கேக்கறாரு.”

துலுக்கானம் விழுந்து விழுந்து சிரித்தார். குழுவின் மற்ற இருவரும் சிரிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

“உங்ககிட்ட முழங்காலோட கீதாமே? இவரு சொன்னாரு. ஒண்ண கழட்டிக் குடுங்க தம்பி. எஸ்டேட்ல டை மேக்கர் கீறாரு, அளவு எடுத்துக்குவாரு. ஒரு வாரத்துல பத்திரமா திருப்பிக் குடுத்துடறேன்.”

“கழற்றுவதா?” என்றார் தலைவர்.

“இல்லாங்காட்டி இன்னாக்கா பண்ணுவே?” என்றார் துலுக்கானம்.

“இன்னா பண்றது, பழைய இரும்புன்னு எடைக்குத்தான். பக்கெட் மூடி டை வருது, வைக்க எடம் இல்ல. தினம் இதுல கால இடிச்சிகினு கீறேன்.” ரோஷன் பேகம் ஒரு மக்குக் கைப்பிடியைக் கையில் எடுத்தார். “எட்டு வருசமா இதத்தான் ஊத்தறேன் ராசா. சோறு போடுது, இல்லேங்கல. ஆனா இதப் பாத்து எந்தப் புள்ளையாவது சிரிச்சிக்குமா?”

தலைவர் உடனே நடைமுறையைப் பற்றிப் பேசினார். “இது பொதுக்குழுவில் வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அம்மா.”

“வைங்க. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம எடைக்கடைக்காரரு வராரு. அதுக்குள்ள சொல்லிடுங்க.”

“அன்றுதான் எங்கள் நினைவு நாள். தாங்களே நேரில் வந்து சிறப்பிக்க வேண்டும்.”

“வரேம்பா. யாரு செத்தது?”

பஸ் பிடிக்க வேண்டிய அவசரத்தில் நாங்கள் கிளம்பிவிட்டோம்.

நினைவு நாள் சிறப்பாகத் தொடங்கியது. கரும்பலகையில் ஆறு வீரர்களின் படம், படத்துக்கு ரோஜா மாலை, முன்னால் ஊதுவத்தி. மேசைமேல் பதினோரு வீரர்கள்; ஒன்பது பேர் அமர்ந்தும் இருவர் நின்றும் இருந்தார்கள். ரோஷன் பேகம் ஒரு பெரிய ஒயர் கூடையோடு படியேறி வந்தார். மாலையைப் பார்த்து ஒரு நொடி நின்றார். தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“மறைந்த இரும்பூரின் தாயே, வருக!”

“மறையலையே தம்பி. கீழ வண்டியில கீது.”

நாங்கள் ஜன்னலுக்குப் போனோம். தெருவில் ஒரு மீன்பாடி வண்டி நின்றது. மேலே சாக்கு விரித்து, டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு வண்டிக்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

“எடைக்கடைக்காரரு வண்டிதான் அது. நல்ல மனுசன். முழங்கால் கெடச்சிதுன்னா எஸ்டேட்டுக்கு எடுத்துகினு போயி எறக்கிடறேன்னாரு. மத்த டையும் பக்கத்துல வச்சிப் பாத்தாத்தான் பொருத்தம் தெரியும்னு டை மேக்கர் சொல்றாரு. முழங்கால் இல்லன்னா, இங்கிருந்து நேரா கடைக்கு. வலது பக்கம் போனா எஸ்டேட்டு, இடது பக்கம் போனா எடைக்கடை. நீங்க சொல்லுங்க, வண்டி போவும்.”

வரலாற்றில் பல சாம்ராஜ்யங்களின் விதி போர்க்களங்களில் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. இரும்பூரின் விதி டீசலில் ஓடும் ஒரு மூன்று சக்கர வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் வந்து நின்றது. அதை இவ்வளவு அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ரோஷன் பேகம் கூடையிலிருந்து புதிதாக வார்த்த வீரர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். கால் இல்லாத ரோஸ் நிற மின்னரசி. கால் இல்லாத வான நீல ஆணிமுத்து. அவைக்குள் ஒரு முனகல் பரவியது.

“மின்னரசி வெள்ளி நிறமல்லவா!” என்றார் தலைவர்.

“அன்னிக்கி அந்தக் கலரு மீந்துச்சு, அதுல ஊத்தினேன். இன்னிக்கி மக்கு கலரு மீந்துச்சு, இதுல ஊத்தினேன்.”

‘நிறப் பிறழ்வு’ என்று அது குறிப்பேட்டில் ஏறியது. துலுக்கானம் மட்டும் அந்த ரோஸ் மின்னரசியை எடுத்து, அதன் கையை நீல ஆணிமுத்துக்கு மாட்டிப் பார்த்து, “டக்குனு உக்காருது பாரேன்!” என்றார். அவரை வைக்கச் சொன்னோம்.

என்னால் அடக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகளாகத் தூக்கத்தில்கூட என்னை விடாத கேள்வி அது. “அம்மா, அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது?” என்று கேட்டேன். பேச்சு வாக்கில் ஆறாவது காகிதத்தை முழுவதும் மனப்பாடமாக ஒப்பித்தும் விட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அடேயப்பா, எனக்கே மறந்துட்டுதுப்பா இது. பின்னாடி இன்னா, ஒண்ணுமில்ல. துருவேந்தன் ஓடிப் போயிட்டான். ஆனா கொழாயெல்லாம் இத்துப் போச்சு. எண்ண வரல. ஊரே விறைச்சிகினு நிக்குது. அப்ப ஆறு பேரும் இன்னா பண்றாங்கோ, அவங்கவங்க கை காலக் கழட்டி, ஒண்ணோட ஒண்ணு மாட்டி, ஒரே நீட்டு கொழாயா ஆயிடறாங்கோ. எண்ண ஓடுது. சனமெல்லாம் அசையுது. அவ்ளோதான் கத.”

“அப்புறம் அந்த ஆறு பேர்?”

“அப்புறம் மறுபடி பூட்டிக்க வேண்டியதுதான். அதுக்குத்தானே அவங்க அப்படிப் பொறந்தது?”

யாரோ ஒருவர் இருமினார். கதவுக்குப் பின்னால் என்ன என்பது பற்றிப் பேரவையில் ஏற்கெனவே ஐந்து கொள்கைகள் உண்டு. காலச்சுழல், கண்ணாடி நகரம், முடிவில்லாப் படிக்கட்டு என்று ஒவ்வொன்றும் ஆழமானது. குழாய் எதிலும் இல்லை. தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். மேற்படி முடிவு கதையின் போக்குக்குப் பொருந்தாதது என்றும், அது ஆசிரியரின் சொந்தக் கருத்து மட்டுமே என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

“சரிப்பா,” என்றார் ரோஷன் பேகம் சிரித்துக்கொண்டே. “முழங்கால்?”

தலைவர் எழுந்தார். கழற்றக் கூடாது என்ற விதியை வாசித்தார். கழற்றும்போது கீறல் விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ஒரு வாரம் முழங்காலின்றி மின்னரசி கண்ணாடிப் பெட்டிக்குள் எப்படி நிற்பாள் என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது.

“இன்னா தலீவரே,” என்றார் துலுக்கானம். “முழங்காலுதானே, உசுரா கேக்கறாங்கோ? இப்டி திருகினா வருது, அப்டி திருகினா போவுது. என்னுது இருந்தா இன்னேரம் குடுத்துட்டு டீ குடிச்சிகினு இருப்பேன். எனக்குத்தான் பத்து வயசுலயே பிச்சிக்கினு போயிடுச்சி.”

“இணை உறுப்பினர் விவாதத்தில் கலந்துகொள்ள அனுமதியில்லை.”

பாஸ்கல் நெளிந்துகொண்டே எழுந்தார். அவர் நேர்மையானவர், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார். “நான் இன்னா சொல்றேன்னா... இது மறுபடி வந்துட்டா, ஐயப்பன்தாங்கல்ல கீற சின்னப் பசங்க கையில கூட இருக்கும். கடையில தொங்கும். அப்புறம் நம்மகிட்ட இன்னா கீது? நாம எதுக்கு ஞாயித்துக்கெழம இங்க வரணும்? மிக்சருக்கா?”

இதைவிடத் தெளிவாக எந்தச் சங்கத்தின் நோக்கத்தையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கைதட்டல் எழுந்தது.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழங்கால் என்னிடமும் இருந்தது. ரோஷன் பேகமும் என்னைத்தான் பார்த்தார்.

“நீ சொல்லு தம்பி. காயிதத்த மனப்பாடமா சொன்னியே, நீ குடுப்பே.”

மேசையில் நின்ற உருளைநாதனைக் கையில் எடுத்தேன். முழங்காலை விரலால் தொட்டேன். அது லேசாக அசைந்தது. பத்து வருடமாக அது அசையும் என்பதே எனக்குத் தெரியாது. பயந்துபோய் விரலை எடுத்துவிட்டேன்.

“அம்மா,” என்றேன். “நான் படித்த மகத்தான நாவல்கள் எதிலும் ரயிலேறிப் போனவள் அடுத்த ரயிலில் திரும்பி வருவதில்லை. வந்தால் அது இலக்கியம் ஆகாது. கதை முடியாமல் நிற்பதில்தான் அதன் அழகு இருக்கிறது.”

“ஓஹோ,” என்றார் அவர். “அவங்கெல்லாம் ஏன் திரும்பி வரலன்னு இப்பத்தான் தெரியுது. ஸ்டேஷன்ல உன்னமாதிரி ஆளு நின்னுகினு இருந்திருப்பான்.”

இதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வாக்கெடுப்பு நடந்தது. பத்துப் பேர் கைதூக்கினோம். முழங்கால் தருவதில்லை என்ற தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. துலுக்கானமும் கைதூக்கினார், தர வேண்டும் என்று. அது கணக்கில் வராது.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து மௌன அஞ்சலி. ரோஷன் பேகம் தாமாகவே எழுந்தார். ரோஸ் மின்னரசியையும் நீல ஆணிமுத்தையும் கூடையில் போட்டுக்கொண்டார். பொன்னாடையை எடுத்து நான்காக மடித்து, பக்கத்தில் உறை கிழிந்திருந்த ஒரு டைப்ரைட்டரின் மேல் போர்த்தினார்.

“இதுக்கு ஒதவும். தூசி அடையாது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

“மறைந்த இரும்பூரின் நினைவாக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம்...” என்றார் தலைவர்.

எழுந்து நின்றோம். கண்களை மூடினோம். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு உருக்கமான மௌனம் எங்களுக்கு வாய்த்ததில்லை. ஊதுவத்தி மணந்தது. கீழே யாரோ ஏதோ கேட்பதும், ஒரு பெண் குரல் சுருக்கமாகப் பதில் சொல்வதும் காதில் விழுந்தது. வண்டியின் இஞ்சின் இரண்டு முறை இருமி மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

துலுக்கானம் ஜன்னலுக்கு ஓடினார். “தலீவரே! திருப்பறான், லெஃப்ட்ல திருப்பறான்! இப்ப ஓடினாக் கூட புடிச்சிடலாம்! டேய் லட்சுமணா, குட்ரா அத!”

லட்சுமணன் என்பது நான்தான். மௌனத்தின் புனிதம் கருதி நான் பதில் சொல்லவில்லை. தலைவர் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தினார். துலுக்கானம் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார். வண்டிச் சத்தம் சிறிதாகி, டயர் பஞ்சர் கடையைத் தாண்டி, கோயில் ஒலிபெருக்கியில் கலந்து, இல்லாமல் போயிற்று.

“நன்றி. அமரலாம்” என்றார் தலைவர்.

மௌன அஞ்சலியைக் குலைத்த குற்றத்துக்காகத் துலுக்கானம் பேரவையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் சைக்கிளில் எடைக்கடை வரை போனதாகவும், அதற்குள் கடைக்காரர் முதல் இரண்டு டைகளைச் சம்மட்டியால் பிளந்துவிட்டதாகவும், மற்றவற்றைத் திருப்பி எடுக்க வேண்டாமென்று ரோஷன் பேகமே சொல்லிவிட்டதாகவும் கேள்விப்பட்டோம். அந்த அம்மாளின் பக்கெட் மூடி நல்ல தரமானது. தலைவர் வீட்டில்கூட ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை; அப்படிச் சிரிப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. பூந்தமல்லிப் பக்கம் போகும்போது துலுக்கானம் அந்தக் கொட்டகையில் இறங்கிப் போவதாகவும், அங்கே மெஷினுக்கு மேலே காலில்லாத ஒரு ரோஸ் பொம்மை உட்கார்ந்திருப்பதாகவும் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் அக்கறை இல்லை. அதன் நிறம் தவறு.

எங்களுக்குக் கிடைத்தது அதைவிடப் பெரியது. பேரவையை ஆரம்பம் முதல் வாட்டிய குறை அன்றோடு தீர்ந்தது. ரசிகர் மன்றக்காரர்கள் இனிச் சிரிக்க முடியாது. ‘உத்தேச’ என்ற சொல்லை எங்கள் பேனரிலிருந்து அழித்துவிட்டோம். இரும்பூர் எந்த நாளில் மறைந்தது என்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வோம்: 1996, அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, கோவில்பதாகை. சாட்சிகளுக்கும் பஞ்சமில்லை. முழங்கால் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, அது சாகும் சத்தத்தை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.